காரணம்: பதில் இல்லை

குடியுரிமை விண்ணப்பத்தில் மொத்தம் அறுபத்தொரு கேள்விகள். இந்த நாட்டு அரசாங்கத்தைக் கவிழ்க்க நீங்கள் எப்போதாவது முயன்றதுண்டா என்று ஒரு கேள்வி. இளம்பரிதி 'இல்லை' என்று தட்டினான். ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியருடன் வாழ்ந்ததுண்டா என்று இன்னொன்று. சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அதற்கும் 'இல்லை' என்று தட்டினான். கடகடவென்று போய்க்கொண்டிருந்தவன் இருபத்துமூன்றாவது கேள்வியில் வந்து முட்டிக்கொண்டான்.

'இந்நாட்டில் நீங்கள் இதுவரை பெற்ற போக்குவரத்து அபராதச் சீட்டுகள் அனைத்தையும் குறிப்பிடுக. தேதி, இடம், காரணம்.'

கட்டி முடித்ததானாலும் சரி, தள்ளுபடியானதானாலும் சரி, எல்லாவற்றையும் எழுத வேண்டும். சீட்டு வாங்கியது பெரிய பாவமில்லை. எழுதாமல் விட்டால்தான் வம்பு. சிவப்பு விளக்கைத் தாண்டியவனுக்குக் குடியுரிமை கொடுப்பார்கள், தாண்டவே இல்லை என்று சாதிப்பவனுக்குக் கொடுக்கமாட்டார்கள்.

பரிதிக்கு மூன்று சீட்டுகள். ஒன்று, காரை எதிர்த்திசை பார்த்து நிறுத்தியதற்கு. இரண்டாவது, பள்ளிப் பேருந்துக்குப் பின்னால் நிற்காமல் போனதற்கு. மூன்றாவதை நினைத்தால் இப்போதும் முகம் சிவந்துவிடும். புதுக் கார் வாங்கிய அன்று திருஷ்டி கழிக்கிறேன் என்று நாற்சந்தியில் பூசணிக்காய் உடைத்தான். 'பொதுச் சாலையில் காய்கறியை எறிந்து போக்குவரத்துக்கு இடையூறு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே குங்குமத்தைக் கொட்டிக் குழைத்திருந்ததால் முதலில் ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, பிறகு எழுதினார்கள்.

"கோதை, உன்னோட டிக்கெட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பூங்கோதை அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள், அவர்கள் தத்தெடுக்கக் காத்திருக்கும் நோராவைக் குழந்தைகள் இல்லத்தில் பார்க்கப் போகிற நாள். அந்தக் குழந்தைக்கு அப்பளத்தின் பெயர் 'சத்தம்'. போன வாரம் வாசலிலேயே நின்று, சத்தம் கொண்டுவந்தீர்களா என்று கேட்டிருந்தாள்.

"என்னோடதையும் நீங்களே பாத்து எழுதிடுங்க" என்றாள் கோதை, திரும்பாமலேயே. "நீங்க என்ன எழுதுறீங்களோ அதுல நான் கையெழுத்துப் போடறேன்."

தனக்கு எதுவும் இருக்காது என்று நினைக்கிறாள், பாவம் என்று பரிதிக்குத் தோன்றியது. திரையில் போக்குவரத்துப் பதிவேட்டைத் திறந்தான். அவளுடைய பெயருக்கு நேராக ஒரே ஒரு வரி இருந்தது.

'மார்ச் 9. பிர்ச்வுட் சாலை. அனுமதிக்கப்பட்ட வேகம் 35, சென்ற வேகம் 72. நிறுத்திவைக்கப்பட்ட நேரம் 11 நிமிடம். காரணம்: பதில் இல்லை.'

ஆறு வருடத்துக்கு முந்தைய மார்ச். பரிதி மடிக்கணினியை மெல்ல மூடினான்.

அந்த நாளைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர்களுக்கு ஏழு மாதத்தில் ஒரு பையன் இருந்தான், செழியன். அன்று காலை அவனுக்குக் காய்ச்சல் ஏறி மூச்சுத் திணறியது. பரிதி அலுவலகத்தில் இருந்தான். கோதை குழந்தையைப் பின்னிருக்கையில் பெல்ட் போட்டு உட்காரவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். அப்போதுதான் சாலைகளுக்குக் கண்ணும் காதும் முளைத்திருந்த காலம். யாராவது எல்லை மீறி வேகமாகப் போனால் சாலையே காரின் வேகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓரங்கட்டி நிறுத்திவிடும். காருக்குள் ஒரு குரல் காரணம் கேட்கும். பதில் பதிவாகி, சீட்டு தயாராகி, பிறகுதான் வண்டியை விடும். போலீஸ்காரர் கிடையாது. கெஞ்சினால் இரங்குவதற்கு மனிதர்களே கிடையாது.

பதற்றத்தில் கோதைக்கு இங்கிலீஷ் வரவில்லை. பிள்ளைக்கு மூச்சு முட்டுதுங்க, விடுங்க, விடுங்க என்று தமிழிலேயே கதறியிருக்கிறாள். சாலைக்குத் தமிழ் சொல்லித் தந்திருக்கவில்லை. அது தன் கேள்வியைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்டது. பதினோரு நிமிடம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது செழியன் இல்லை.

அந்த வருடக் கடைசியில் ஏற்பாட்டைத் திருத்தினார்கள். இப்போது எந்த மொழியில் அழுதாலும் சாலை விட்டுவிடுகிறது. செழியனுக்கு அதனால் என்ன?

கோதை மூன்று மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே காரை ஓட்டிக்கொண்டிருந்தாள். வலது கால் தரையை அழுத்தியபடியே இருக்கும். மருத்துவர்கள் கடைசியில் நினைவுத் தணிப்பைச் சொன்னார்கள். குழந்தையை மறக்கடிப்பதில்லை, அந்த ஒரு காலை நேரத்தை மட்டும் எடுத்துவிடுவது. கோதை தானே கையெழுத்துப் போட்டாள். "வெறும் ஓட்டையாக விட்டால் மூளை அதையே தேடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு கதையை வையுங்கள். எல்லோரும் அதையே சொல்லுங்கள்" என்றார் மருத்துவர். ஆம்புலன்ஸ் வந்தது, அவர்கள்தான் கொண்டுபோனார்கள், எல்லா முயற்சியும் செய்தார்கள் என்று ஒரு கதையை வைத்தார்கள். கும்பகோணத்தில் இருந்த இரண்டு குடும்பத்தாருக்கும் பரிதி அதை மனப்பாடம் செய்துவைத்தான். கோதை மெல்ல எழுந்தாள், சாப்பிட்டாள். பிள்ளையை நினைத்து அழுதாள். அது அழுதுமுடிக்கக்கூடிய அழுகையாக இருந்தது.

கதை பொய் என்று சொல்ல உலகத்தில் இருந்தது அந்தச் சீட்டு ஒன்றுதான். அதன் காகிதப் பிரதியைப் பரிதிக்கு எரிக்க மனம் வரவில்லை. பிள்ளையின் கடைசிப் பதினோரு நிமிடம் அதில் இருந்தது. வீட்டில் எந்த முக்கியமான காகிதம் வந்தாலும் முதலில் சாமியிடம் வைத்துத்தான் அவர்களுக்குப் பழக்கம். வேலை உத்தரவு, வீட்டு ஒப்பந்தம், பாஸ்போர்ட் எல்லாம் அப்படித்தான். கை தன் பழக்கத்தில் இதையும் அங்கேயே கொண்டுபோய், முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டது.

கோதை மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரம் பார்த்துப் பரிதி பூஜை அலமாரியைத் திறந்தான். சீட்டு இருந்தது. நான்காக மடித்தபடி, மேல் மூலையில் ஒரு குங்குமப் பொட்டோடு. படத்திலிருந்து உதிர்ந்து ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அதை எடுத்து அலுவலகப் பைக்குள் ஆழமாகத் தள்ளினான்.

* * *

வழக்கறிஞர் ஞானசீலிக்குத் தூத்துக்குடி. முப்பது வருடமாக இந்த ஊரில் குடியேற்ற வழக்குகள் பார்க்கிறார். ஒரு மளிகைக் கடைக்கு மேலே அவர் அலுவலகம். வருகிறவர்களுக்கு முதலில் மிக்சர், பிறகுதான் சட்டம்.

பரிதி சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பிள்ளைய நினைச்சா மனசு கிடந்து அடிக்கி தம்பி" என்றார். "சரி, வழியப் பாப்போம். நீங்க டிக்கெட்ட எழுதிட்டீங்கன்னு வைங்க. அவங்க கையெழுத்துப் போடுதாங்க. ஆனா நேர்காணல்ல ஆபீசர் அத வாசிச்சு, இது உண்மையான்னு அவங்க கிட்டதான் கேப்பாங்க. ஒங்க கிட்ட இல்ல."

"எழுதாம விட்டா? அவளுக்குத் தெரியாதே. இல்லன்னு சொன்னா அவ அளவுல அது உண்மைதானே?"

"அது உண்மைதான். குரலப் பாக்குத பொட்டி ஒண்ணு மேசைல இருக்கும். மனசறிஞ்சு சொன்னா பச்சை, பொய்னா சிவப்பு, பாதிய முழுங்கிட்டுச் சொன்னா மஞ்சள். அவங்க இல்லன்னு சொன்னா பச்சைதான் எரியும். ஆனா பதிவேடு 'இருக்கு'ங்குது. ரெண்டும் முட்டிக்கிட்டா என்ன செய்வாங்க தெரியுமா? ஞாபகப்படுத்துததுக்காக அந்தப் பதிவப் போட்டுக் காட்டுவாங்க. காருக்குள்ள எடுத்த படமும் சத்தமும். முழுசா."

பரிதியின் கையில் இருந்த மிக்சர் அப்படியே இருந்தது.

"வாபஸ் வாங்கலாம்" என்றார் ஞானசீலி. "அப்ப யாரும் எதையும் கேக்கமாட்டாங்க. ஆனா திரும்பப் போட ஒரு வருசம் ஆகும். நோராவுக்கு ஆகஸ்ட்ல கோர்ட்டு. தத்து எடுக்கவங்க குடிமக்களா இருக்கணும். இல்லன்னா வரிசைல அடுத்த வீட்டுக்குப் போயிரும் பிள்ள. அந்த அடுத்த வீடும் நல்ல வீடுதான், நான் விசாரிச்சேன்."

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கிறார்கள். குழந்தைகள் இல்லத்தில் மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நோரா, கோதையை மட்டும் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். ஓடிவந்து புடவை முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். இதற்காகவே கோதை கடுங்குளிரிலும் ஞாயிற்றுக்கிழமை புடவைதான்.

"இத்தனையும் எதுக்கு தம்பி? நீங்களே வீட்ல வச்சுப் பக்குவமாச் சொல்லிருங்களேன்."

"அவ தாங்கமாட்டா மேடம்."

"அவங்க தாங்கமாட்டாங்களா" என்று ஞானசீலி மெதுவாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாளை எடுத்தார். "'நேரில் தெரிவிக்கிறேன்'னு ஒரு கட்டம் இருக்கு. இப்பத்துக்கு அதுல குறியப் போடுவோம். மூணு வாரம் இருக்கு ஒங்களுக்கு."

ஒன்றை மட்டும் பரிதி அவரிடம் சொல்லவில்லை. அன்று காலை கோதை காரை எடுப்பதற்கு முன் அவனுக்கு போன் செய்தாள். ஆம்புலன்சைக் கூப்பிடவா என்று கேட்டாள். "அது வர்றதுக்குள்ள நேரமாயிடும், பத்து நிமிஷ தூரம்தானே, நீயே ஓட்டிட்டு வந்துடு. வேகமா வா" என்று சொன்னது அவன்தான். கார் கிளம்பிய பிறகும், சாலை வண்டியை நிறுத்தும்வரை, இணைப்பு அறுபடவில்லை. 'ஆம்புலன்ஸ் வேணாம், நீயே ஓட்டிட்டு வா, இன்னும் வேகமா' என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்ன குரலும் அந்தப் பதிவில் இருந்தது. கோதையிடமிருந்து எடுத்த காலை நேரத்தோடு அந்தப் பேச்சின் நினைவும் சேர்ந்து போயிற்று. அன்றிலிருந்து, அவன் கூட இருக்கும்போது அவளைக் காரோட்ட விட்டதே இல்லை. நான் ஓட்டறேன், நீ உக்காரு என்பான். அவளும் சாவியைக் கேட்டதில்லை.

* * *

மூன்று வாரமும் போயிற்று. பரிதி சொல்ல ஆரம்பிக்காத நாளில்லை. ஒருநாள் காப்பி குடிக்கும்போது "கோதை, ஒரு விஷயம்" என்றான். அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எதிரில் வந்து உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்ததே அவனுக்குப் பயமாக இருந்தது.

"பால் தீர்ந்துபோச்சு" என்றான்.

"வாங்கிட்டு வாங்க" என்று அவள் எழுந்து போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜை அலமாரி முன்னால் அவள் வெகுநேரம் நின்றதைப் பார்த்தான். படங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பொட்டு வைப்பது அவள் வாராந்தர வழக்கம். அன்று முருகன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை, கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறதோ என்று பார்த்தேன் என்றாள்.

நேர்காணல் நாளன்று காலையில்கூடச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தான். வாகன நிறுத்தத்தில் காரை அணைத்துவிட்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோதை பட்டுப் புடவை கட்டியிருந்தாள். குழந்தைகள் இல்லத்தில் நோரா கிறுக்கித் தந்த படத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். அதில் மூன்று பேர், மூன்று பேர் கையிலும் வட்டவட்டமாக அப்பளம்.

"போலாமா?" என்றாள்.

"போலாம்" என்றான்.

அதிகாரியின் பெயர் திருமதி ஓல்சன். ஐம்பது வயதிருக்கும். மேசையில் அந்தப் பெட்டி, சின்ன ஊறுகாய் ஜாடி அளவில் இருந்தது. பக்கத்தில் மொழிபெயர்ப்புக் கருவி. எந்த மொழியில் பேச விருப்பம் என்று கேட்டார். பரிதி இங்கிலீஷ் என்றான். கோதை தமிழ் என்றாள். பதினான்கு வருடமாக இங்கிலீஷில் பாடம் நடத்தும் கணக்கு டீச்சர் அவள். பரிதி திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

பெயர், முகவரி, வேலை. அவன் சொன்னான், அவள் சொன்னாள். பச்சை, பச்சை. அரசாங்கத்தைக் கவிழ்ப்பீர்களா? மாட்டோம். பச்சை. பரிதியின் மூன்று சீட்டுகளும் வந்தன. "காய்கறி?" என்று திருமதி ஓல்சன் புருவத்தை உயர்த்தினார். பூசணிக்காயைப் பற்றி அவன் விளக்க, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஞானசீலி குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"திருமதி பூங்கோதை, இருபத்துமூன்றாவது கேள்விக்கு நீங்கள் நேரில் தெரிவிப்பதாகக் குறித்திருக்கிறீர்கள்" என்றார் அதிகாரி.

பரிதி குறுக்கிட்டான். "மேடம், மன்னிக்கணும்" என்றான். "நாங்க இந்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கறோம்."

ஞானசீலி நிமிர்ந்தார். திருமதி ஓல்சன் பேனாவைக் கீழே வைத்தார். "அது உங்கள் உரிமை. காரணத்தை மட்டும் பதிவு செய்ய வேண்டும்."

"என் மனைவியோட நிம்மதிக்காக."

பெட்டியில் விளக்கு மாறியது. மஞ்சள்.

பரிதி அதைப் பார்த்தான். மனமறிந்து ஒரு சொல்கூட அவன் பொய் சொல்லவில்லை. ஆறு வருடமாக இதைத்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தூங்குகிறான், இதை நம்பித்தான் எழுந்திருக்கிறான். ஊறுகாய் ஜாடி அளவுள்ள ஒரு பெட்டி அதில் பாதிதான் உண்மை என்கிறது. மீதிப் பாதி என்ன என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பதிவு ஓடினால் முதலில் கேட்கப்போவது அவனுடைய குரல்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் கோதை. மேசைக்கு அடியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அதிகாரியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரு டிக்கெட் இருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி, மார்ச் ஒம்பது. பிர்ச்வுட் ரோடு. முப்பத்தஞ்சுல போக வேண்டிய எடத்துல எழுபத்திரெண்டுல போனேன்."

மொழிபெயர்ப்புக் கருவி ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி அதை இங்கிலீஷில் ஒப்பித்தது. விளக்கு பச்சையாக எரிந்தது.

திருமதி ஓல்சன் திரையைப் பார்த்தார். "உங்கள் மருத்துவக் குறிப்பில் நினைவுத் தணிப்பு என்று இருக்கிறது. இது உங்களுக்கு நினைவிருக்கிறதா?"

"ஞாபகம் இல்லீங்க. அதை எடுத்துட்டாங்க. ஆனா தெரியும்."

பச்சை.

"எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுல முக்கியமான பேப்பர் எது வந்தாலும் சாமிகிட்டதான் வைப்போம். இவரு அந்த டிக்கெட்டையும் சாமி படத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சாரு. நான் வாராவாரம் வெள்ளிக்கிழமை அந்தப் படத்தைத் துடைக்கிறவ." அவள் குரலில் ஒரு சிரிப்பு வந்து போனது. "வச்ச ரெண்டாவது வாரமே பாத்துட்டேன்."

பரிதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். குங்குமப் பொட்டு உதிர்ந்து ஒட்டியதில்லை. அதை வைத்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆறு வருட வெள்ளிக்கிழமைகள்.

"மொதல்ல ஒண்ணும் புரியல. ஆம்புலன்ஸ்ல போனதா சொன்னாங்களே, நான் எங்க காரோட்டினேன்னு யோசிச்சேன். அப்புறம் பதிவேட்டு ஆபீசுக்கு எழுதிப் போட்டு, அந்தப் பதிவை வாங்கினேன். பிர்ச்வுட் ரோட்டுல, அதே எடத்துல, ஓரமா காரை நிறுத்திட்டு ஒரே ஒரு தடவை கேட்டேன். யாரோ ஒரு பொம்பளை அழற மாதிரி இருந்துச்சு. அவளுக்காக நானும் அழுதேன். அவ மேல தப்பில்லன்னு எனக்குத் தோணுச்சு. அவளா இருந்தப்ப எனக்கு அது தோணவே இல்ல போல."

கருவி மொழிபெயர்த்து முடிக்கக் கொஞ்சம் நேரமெடுத்தது.

"அதுல இவரு குரலும் இருக்கு" என்றாள் கோதை. பரிதியின் கை நழுவப் பார்த்தது, அவள் விடவில்லை. "ஆம்புலன்ஸ் வேணாம், நீயே ஓட்டிட்டு வா, வேகமா வான்னு சொல்றாரு. அதை நான் கேட்டது இவருக்குத் தெரியாது. இவரு எடத்துல நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

பரிதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தான். மாறிவிடும் என்று காத்திருந்தான். விளக்கு பச்சையாகவே எரிந்தது. கருவி அதை இங்கிலீஷில் சொல்லி முடித்த பிறகும் பச்சையாகவே எரிந்தது. அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. ஓர் அரசாங்க அலுவலகத்தில், கழுத்தில் டையோடு, சத்தம் வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். ஞானசீலி பையிலிருந்து கைக்குட்டையைத் தேடி எடுத்து, அவனிடம் கொடுப்பதற்குப் பதில் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திருமதி ஓல்சன் திரையில் அந்தப் பதிவைத் திறந்தார். "உங்கள் பதிவில் ஒரு குறை இருக்கிறது" என்றார். "காரணம் என்ற இடத்தில் பதில் இல்லை என்று இருக்கிறது. இதை இப்படியே என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது."

பரிதி ஞானசீலியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆகவே திருத்த வேண்டும். சாலை கேட்ட கேள்வியை நான் கேட்கிறேன். நீங்கள் உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள். என்ன காரணத்துக்காக வேகமாகப் போனீர்கள்?"

கோதை வாயைத் திறந்தாள். ரவிக்கைக்குள் இருந்த காகிதத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பிள்ளைக்கு மூச்சு முட்டுச்சுங்க" என்றாள்.

கருவி மொழிபெயர்த்தது. திருமதி ஓல்சன் தட்டச்சு செய்தார். "குழந்தையின் பெயர்?"

"செழியன்."

அதையும் தட்டினார். எழுத்துக்கூட்டல் சரியா என்று பார்ப்பதற்காகத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். ஆறு வருடமாகக் காலியாக இருந்த இடத்தில் ஒரு வரியும் ஒரு பெயரும் இருந்தன. சரிதான் என்றாள் கோதை.

"விண்ணப்பத்தை வாபஸ் வாங்குகிறீர்களா?" என்று அவர் பரிதியைக் கேட்டார்.

"இல்ல மேடம்."

பச்சை.

"நல்லது. இருபத்துநான்கு. நீங்கள் எப்போதாவது குடிபோதையை வழக்கமாகக் கொண்டிருந்ததுண்டா?"

* * *

வெளியே நல்ல வெயில். ஞானசீலி இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துவிட்டு, ஆகஸ்ட்டில் கோர்ட்டுக்கு இதே புடவையில் வரச் சொல்லிவிட்டுப் போனார். பரிதி பைக்குள் கையை விட்டு அந்தச் சீட்டை எடுத்துக் கோதையிடம் நீட்டினான்.

"வெள்ளிக்கிழமை படத்தைத் துடைச்சப்ப இதைக் காணோம்" என்றாள் அவள். "அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீங்க பயந்துட்டீங்கன்னு."

"ஏன் கோதை இத்தனை வருஷம் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? என்னைக் காப்பாத்திட்டு இருக்கோம்னு ஒரு நெனப்புலதான் நீங்க எழுந்து நடமாடிட்டு இருந்தீங்க. நான் எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா அப்புறம் எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க?" அவள் சீட்டைப் பிரிக்காமல் கைப்பைக்குள் வைத்தாள். "அதான் நீங்களே பாத்து எழுதுங்கன்னு சொன்னேன். எழுதிடுவீங்கன்னு நெனச்சேன். பால் தீந்துபோச்சுன்னு சொன்னீங்க."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொரு தடவை அழுகையும் வந்தது.

"மன்னிச்சுடு" என்றான். இந்த ஒரு சொல்லை ஆறு வருடமாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்தான்.

"அதை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே மன்னிச்சாச்சு. இன்னிக்கு வாபஸ்னு சொன்னீங்க பாருங்க, நோராவை விட்டுடப் பாத்தீங்க. அதுக்குத்தான் வீட்டுக்குப் போய்ச் சண்டை இருக்கு உங்களுக்கு."

"சரி."

"பெரிய சண்டை."

"சரிம்மா."

கார் பக்கத்தில் வந்ததும் பரிதி பழக்கத்தில் ஓட்டுநர் பக்கம் போனான். கதவைத் திறக்கக் கை வைத்தவன் நிமிர்ந்து பார்த்தான். கோதை மறுபக்கம் போகவில்லை. அவனுக்கு முன்னால் வந்து, உள்ளங்கையை விரித்து நின்றுகொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை இல்லன்னாலும் இன்னிக்கு நாலு மணிக்கு வர்றேன்னு குழந்தைகிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள். "சத்தம் வேற டிக்கியிலயே நமுத்துப்போகுது."

பரிதி சாவியை அவள் கையில் வைத்தான். சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

அவள் பிர்ச்வுட் சாலை வழியாகத்தான் போனாள். அந்த இடம் வந்தபோது முப்பத்தைந்துக்குக் கீழேயே வைத்திருந்தாள். சாலை எதுவும் கேட்கவில்லை.